பசித்த இலையை வெயில் சுடும்

பீன்ஸ் செடியின் ஓர் இலை. அதன் ஒரு பகுதியை மட்டும் மூடி நிழல் கொடுத்துவிட்டு, மீதியை வெளிச்சத்தில் விட்டார்கள். செடி வளர்ந்தது சத்துக் கரைசலில்; அந்தக் கரைசலில் மெக்னீசியத்தை வேண்டுமென்றே குறைத்திருந்தார்கள். நாளாக நாளாக வெளிச்சம் பட்ட பகுதி வெளிறி மஞ்சளாகி, அங்கங்கே கருகவும் தொடங்கியது. மூடியிருந்த பகுதி பச்சையாகவே இருந்தது. இரண்டும் ஒரே இலையின் பகுதிகள், ஒரே காம்பு வழியாக வந்த சாற்றில் வளர்ந்தவை. துத்தநாகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், பொட்டாசியத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் இதேதான் நடந்தது.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் உள்ள ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஸ்ட் மார்ஷ்னரும் துருக்கியைச் சேர்ந்த இஸ்மாயில் சக்மாக்கும் செய்த பரிசோதனை இது. முடிவுகள் 1989இல் வெளியாயின. தாவர ஊட்டச்சத்து பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு எளிய ஏற்பாட்டில் இவ்வளவு பெரிய செய்தியைச் சொன்ன ஆய்வு வேறு நினைவுக்கு வரவில்லை. சத்துக் குறை என்றால் இலை மஞ்சளாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மஞ்சளை உண்டாக்குவதில் பெரும்பங்கு வெளிச்சத்துடையது என்பதை இந்தப் பாதி மூடிய இலை காட்டிக் கொடுத்தது.

பள்ளிப் பாடத்தில் ஒளிச்சேர்க்கை ஓர் அத்தியாயம், கனிமச் சத்துகள் இன்னோர் அத்தியாயம். நடுவில் தேர்வு விடுமுறைகூட வந்துவிடும். செடிக்குள் இந்தப் பிரிவினை கிடையாது. வெளிச்சத்தைப் பிடிக்கும் அமைப்பு கனிமங்கள் இல்லாமல் இயங்காது. அந்தக் கனிமங்களை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பது வெளிச்சம். இரண்டையும் தனித்தனியாக நினைப்பதால்தான் வயலிலும் தொட்டியிலும் நிறையத் தவறுகள் நடக்கின்றன என்று உறுதியாக நம்புகிறேன்.

உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பின் மேல் ஒரு வினாடியில் விழும் ஒளித்துகள்களை எண்ணினால், 1 போட்டு அதன் பின்னால் 21 பூஜ்ஜியம் போட வேண்டியிருக்கும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வரும் கணக்கு அது. இதில் பாதி வந்தாலே பீன்ஸ் இலைக்குப் போதும். அதற்கு மேல் வருவதைச் சர்க்கரையாக்க அதனால் முடியாது. நல்ல ஊட்டத்தோடு இருக்கும் இலை மிச்ச ஆற்றலைப் பெரும்பாலும் வெப்பமாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. அதற்கென்றே சில மஞ்சள் நிறமிகள் பச்சையத்தின் அருகில் காவல் நிற்கின்றன.

ஆனால் சத்துக் குறைந்த இலையில் ஒளியைப் பிடிக்கும் வேலை தொடர, பிடித்ததைப் பயன்படுத்தும் வேலை மட்டும் சுணங்கிவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் சாக்கு தீர்ந்துபோன நாளில் வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ, அதுவே இலைக்குள்ளும் நடக்கிறது. போக இடமில்லாத எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பிறப்பது சூப்பராக்சைடு என்னும் மூர்க்கமான பொருள். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. இவை சவ்வுகளை அரிக்கின்றன, பச்சையத்தைச் சிதைக்கின்றன. பச்சையம் உருவாகாததால் வரும் மஞ்சள் ஒன்று; உருவான பச்சையம் அழிக்கப்படுவதால் வரும் மஞ்சள் வேறொன்று. பாதி மூடிய பீன்ஸ் இலையில் பார்த்தது இரண்டாவது வகை.

ஏன் குறிப்பாக மெக்னீசியம், பொட்டாசியம், துத்தநாகம்? மெக்னீசியம் பச்சைய மூலக்கூறின் நடுவில் இருக்கிறது என்பதைப் பாடநூல்கள் தவறாமல் சொல்லும். அது உண்மைதான், ஆனால் இலையில் உள்ள மெக்னீசியத்தில் ஒரு சிறு பங்குதான் பச்சையத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மீதிக்கு வேறு வேலைகள் உண்டு. அவற்றில் முக்கியமானது, இலையில் தயாரான சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் கொண்டுபோகும் குழாய்களில் ஏற்றிவிடுவது. பொட்டாசியமும் இதே வேலைக்குத் தேவை. சக்மாக்கும் சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. மெக்னீசியமோ பொட்டாசியமோ குறைந்த பீன்ஸ் செடிகளின் இலைகளில் சர்க்கரை தேங்கிக் கிடந்தது; வேர்கள் சிறுத்துப்போயின. பாஸ்பரஸ் குறைந்த செடிகளில் அப்படி இல்லை. அங்கே சர்க்கரை வேருக்குத் தாராளமாகப் போனது. தண்டும் இலையும் குறைந்து வேர் மட்டும் நீண்டது. மண்ணில் எளிதில் நகராத பாஸ்பரஸைத் தேடிப் பிடிக்க வேர்தானே நீள வேண்டும்!

துத்தநாகத்தின் கதை சற்று வேறு. சூப்பராக்சைடைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளில் ஒன்றுக்குத் தாமிரமும் துத்தநாகமும் தேவை. துத்தநாகம் போதாத இலையில் தீயும் பெரிதாகிறது, அணைப்பவரும் குறைகிறார். ஒரு கிலோ உலர்ந்த செடியில் 20 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தாலே பொதுவாகப் போதும். அந்த 20 மில்லிகிராம் கிடைக்காமல் வட இந்தியாவில் நெல் வயல்கள் பழுப்பேறி நின்றதுண்டு. தராய் பகுதியில் ‘கைரா’ என்று அழைக்கப்பட்ட அந்த நோய்க்குக் கிருமி காரணமல்ல, துத்தநாகக் குறைதான் காரணம் என்று பந்த்நகரில் ஒய். எல். நேனே 1966இல் நிறுவினார். நம் ஊரில் நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவச் சொல்வது இந்தக் குறையைத் தவிர்க்கத்தான். எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் வயலிலும், களரும் சுண்ணாம்பும் மிகுந்த மண்ணிலும் துத்தநாகம் இருந்தும் வேருக்கு எட்டாது.

இந்த அளவுகளை நினைத்துப் பார்ப்பது நல்லது. செடியின் உலர் எடையில் கரி, ஆக்சிஜன், ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்து சுமார் 96 சதவீதம். காற்றிலும் நீரிலும் இருந்து வருபவை அவை. மண்ணிலிருந்து வரும் எல்லாமும் மீதி 4 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பெல்ஜியத்தின் வான் ஹெல்மான்ட் தொட்டியில் வளர்த்த வில்லோ மரம் 5 ஆண்டுகளில் 164 பவுண்டு கூடியது. மண் இழந்தது வெறும் 2 அவுன்ஸ். அவர் மறைந்தபின் 1648இல் அச்சான நூலில் இது இருக்கிறது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவுசெய்த அவர் அந்த 2 அவுன்ஸைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அந்த மரத்தின் இலைகள் ஒளியைப் பிடிக்க முடிந்ததே அந்த 2 அவுன்ஸால்தான். நீரைப் பிளந்து ஆக்சிஜனை விடுவிக்கும் இடத்தில் 4 மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் இருந்தாக வேண்டும். அங்கிருந்து கிளம்பும் எலக்ட்ரான் வழியில் ஒரு தாமிரத்தைக் கடந்து, 12 இரும்பு அணுக்களைக் கொண்ட இன்னோர் அமைப்புக்குப் போய்ச் சேர்கிறது. இரும்பு இல்லாவிட்டால் பச்சையமே சரியாக உருவாகாது. காலம் காலமாக அன்னபேதி உப்பைக் கரைத்து வெளிறிய பயிரின் மேல் தெளித்து வந்திருக்கிறார்கள். அன்னபேதி வேறொன்றுமில்லை, இரும்பு சல்பேட்தான்.

மஞ்சள் என்றதும் முளைப்பாரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அம்மன் கோயில் திருவிழாவுக்கு நவதானியத்தை விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்க்கிறார்கள். ஒரு வாரத்தில் வெளிர்மஞ்சளாக, நெடுநெடுவென்று, மெல்லிய தண்டோடு முளைகள் எழுந்து நிற்கும். அந்த மஞ்சளில் சத்துக் குறை எதுவும் இல்லை. விதைக்குள் தேவையான அத்தனை கனிமமும் இருக்கிறது. பூக்கும் தாவரங்களில் பச்சையம் தயாராகும் கடைசிக் கட்டங்களில் ஒன்று வெளிச்சம் பட்டால்தான் நடக்கும், அவ்வளவுதான். ஊர்வலம் போகும் வழியில் வெயில் பட்டதுமே அந்த முளைகளுக்குள் பச்சையம் உருவாகத் தொடங்கிவிடுகிறது.

இருட்டில் செடி எதைச் செய்ய முடியாது என்பதை முளைப்பாரி காட்டுகிறது. குறைந்த வெளிச்சத்தில், சத்து மட்டும் மிகுதியாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. இங்கே தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பற்றிப் பேச வேண்டும்.

இலையில் உள்ள நைட்ரஜனில் சுமார் முக்கால் பங்கு பசுங்கணிகங்களில்தான் இருக்கிறது. நெல் போன்ற பயிரில் ஏறக்குறைய கால் பங்கு ரூபிஸ்கோ என்ற ஒரே நொதியில் முடங்கிக் கிடக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிப்பது அந்த நொதி. அது மிக மெதுவாக வேலை செய்வது என்பதால் செடி அதை ஏராளமாகத் தயாரித்து வைத்திருக்கிறது. யூரியா போட்டதும் இலை கரும்பச்சை ஆவதன் பொருள், ஒளியைப் பிடிக்கவும் பயன்படுத்தவும் தேவையான புரதங்கள் கூடுகின்றன என்பது. ஒளி வந்தால் அந்த முதலீடு நெல்மணியாகத் திரும்பி வரும். வராவிட்டால்?

வேர் உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக்க ஆற்றலும் வேண்டும், கரிச்சட்டமும் வேண்டும். இரண்டையும் தருவது ஒளிச்சேர்க்கைதான். வெளிச்சம் குறைந்தால் நைட்ரேட் அப்படியே இலையில் தேங்கும். ஐரோப்பியச் சட்டத்திலேயே இது பதிவாகியிருக்கிறது. கூரையின் கீழ் வளர்க்கும் லெட்டூஸ் கீரையில் ஒரு கிலோவுக்கு 4,000 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருக்கலாம் என்பது அங்கே கோடைக்கால வரம்பு. அக்டோபர் முதல் மார்ச் வரை அறுத்தால் 5,000 வரை அனுமதி. விவசாயி அதிக உரம் போடாவிட்டாலும் அந்த நாடுகளின் குளிர்கால வானம் கீரையில் நைட்ரேட்டை ஏற்றிவிடும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. கீரையைக் காலையில் பறிப்பதைவிட நல்ல வெயில் பட்ட பிறகு, மாலையில் பறித்தால் நைட்ரேட் பொதுவாகக் குறைவாக இருக்கும் என்பதும் இதனால்தான்.

நெல்லில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஷோய்ச்சி யோஷிடாவும் பராவோவும் பயிரின் வெவ்வேறு பருவங்களில் நிழல் கொடுத்து விளைச்சலை அளந்தார்கள். முடிவுகள் 1976இல் வெளிவந்தன. இளம் பருவத்தில் நிழல் விழுந்தால் விளைச்சல் அவ்வளவாகக் குறையவில்லை. கதிர் உருவாகும் பருவத்தில் விழுந்தால் மணிகளின் எண்ணிக்கையே குறைந்துபோனது. பால் பிடித்து முற்றும் பருவத்தில் விழுந்தால் பதர் கூடியது. காவிரிப் படுகையின் சம்பாவும் தாளடியும் இதே சிக்கலில் மாட்டுகின்றன. குறுவை, தெளிந்த வானத்தில் பெரும்பகுதி நாட்களைக் கழிக்கும். சம்பாவுக்கு வெயில் மிகவும் தேவைப்படும் நாட்களில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் தலைக்கு மேல் நிற்கும். அந்த நாட்களில் பயிர் சற்று வெளிறித் தெரியும். வெளிறினால் கை தானாக யூரியாவைத் தேடும். தொடர்ந்து மூடம் போட்டிருக்கும் வானத்தின் கீழ் கொட்டிய யூரியாவைப் புரதமாக்கப் பயிருக்கு ஆற்றல் இல்லை. அமினோ அமிலங்கள் இலைச்சாற்றில் மிகுந்து ஓடுகின்றன. புகையானுக்கும் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் அது விருந்து. குலை நோய்ப் பூஞ்சைக்கும் அப்படியே.

பயிர் அடர்ந்துவிட்டால் இன்னொன்றும் நடக்கிறது. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத தொலைச்சிவப்பு ஒளியைக் கீழே விடுகின்றன. இந்த இரண்டின் விகிதத்தை அளந்து பார்க்கும் நிறமி ஒவ்வொரு செடியிலும் இருக்கிறது. பைட்டோகுரோம் என்ற அந்த நிறமியை அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் 1959இல் கண்டறிந்தார்கள். தொலைச்சிவப்பு கூடினால் பக்கத்தில் போட்டி இருக்கிறது என்று செடி அறிந்துகொண்டு, தண்டை உயரமாக நீட்டும். நீளும் தண்டு மெலிந்த தண்டு. அதிகத் தழைச்சத்தால் அடர்ந்த பயிர், தன் நிழலாலேயே மெலிந்து உயர்ந்து, டிசம்பர் காற்றில் சாய்ந்து படுத்துவிடும். சாய்ந்த வயலைப் பார்த்துக் காற்றைத்தான் நொந்துகொள்கிறோம்.

இலை வண்ண அட்டை இந்தப் பிரச்சினைக்கு ஒரு நல்ல பதில். பச்சையின் வெவ்வேறு அழுத்தங்களை வரிசையாகக் கொண்ட சிறு பிளாஸ்டிக் அட்டை அது. வாரம் ஒருமுறை வயலில் பத்து இலைகளை அதோடு ஒப்பிட்டு, குறிப்பிட்ட அளவைவிடப் பாதிக்கு மேற்பட்ட இலைகள் வெளிறியிருந்தால் மட்டும் தழைச்சத்து இட வேண்டும். வெயில் மிகுந்த பட்டத்துக்கு ஒரு தவணையில் இடும் அளவு அதிகம், மழைப் பட்டத்துக்குக் குறைவு. உரத்தின் அளவை வானத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் முறைகளில் சாதாரண விவசாயியின் கைக்கு எட்டியது இதுதான். இது இன்னும் எல்லா வரப்புக்கும் வந்து சேராதது வருத்தம் தருகிறது.

வெளிச்சத்தையும் உரத்தையும் ஒரே சோதனையில் மோதவிட்ட ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்தது. கானாவின் தாஃபோவில் கோகோ மரங்களை நான்கு விதமாக வைத்துப் பார்த்தார்கள்: நிழலோடு உரமில்லாமல், நிழலோடு உரமிட்டு, நிழல் மரங்களை அகற்றிவிட்டு உரமில்லாமல், அகற்றி உரமுமிட்டு. கன்னிங்ஹாமும் அர்னால்டும் 1962இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிழலில் இட்ட உரம் சிறிய பலனையே தந்தது. நிழலை அகற்றியதும் விளைச்சல் எகிறியது. அகற்றிய இடத்தில் இட்ட உரமோ மிகப் பெரிய பலனைத் தந்தது. அதே உரம், அதே மண், அதே மரம். மேலிருந்து வரும் வெளிச்சம் கூடியதும் உரத்தின் மதிப்பே மாறிவிட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் நிழல் மரங்களை வெட்டிவிட்டு உர மூட்டையை இறக்குங்கள் என்று சொல்லி முடித்திருக்கலாம். தாஃபோவில் நிறுத்தவில்லை, பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். வெயிலில் நின்று அள்ளிக்கொடுத்த மரங்கள் சில ஆண்டுகளில் தளரத் தொடங்கின, விளைச்சல் இறங்கியது. நிழலில் நின்றவை குறைவாகக் கொடுத்தாலும் நிதானமாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. காப்பியிலும் இதே பாடம் உண்டு. ஏற்காட்டிலும் பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலும் காப்பியை நிழல் மரங்களின் கீழ் வளர்ப்பது வெறும் பழக்கம் அல்ல. போதிய சத்து இல்லாமல் முழு வெயிலில் விட்டால் காப்பிச்செடி தாங்க முடியாத அளவுக்குக் காய்த்து, கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். நிழல் என்பது அங்கே செடியின் பசியைக் கட்டுப்படுத்தும் கருவி. உரம் வாங்க வசதியில்லாத சிறு விவசாயிக்கு நிழல் மரம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை விளைச்சல் கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவே கோகோ வைத்திருப்பவர்கள், ஓலை இடுக்கில் எவ்வளவு வெயில் இறங்குகிறது என்பதைப் பார்த்துவிட்டு உரத்தின் அளவை முடிவுசெய்தால் கைப்பணம் மிஞ்சும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தொட்டிச் செடியில் வந்து நிற்கிறது. அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், சன்னலிலிருந்து நாலடி தள்ளி வைத்த செடிக்குக் கிடைப்பது வெளியே கிடைக்கும் வெளிச்சத்தில் மிகச் சிறிய பங்கு. நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. செடி வளராமல் நிற்கிறது, உடனே உரம் வைக்கிறோம். செடியால் எடுத்துக்கொள்ள முடியாத உப்பு மண்ணில் சேர்ந்து, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கிறது. வேர் நுனி கருகுகிறது.

கறிவேப்பிலை மஞ்சளாகிறது என்பது இன்னொரு பொதுவான கவலை. எந்த இலை என்று முதலில் பாருங்கள். துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இரும்புக் குறை. இரும்பு பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு எளிதில் நகராது, அதனால் துளிர்தான் முதலில் வாடும். பைகார்பனேட் மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காது. மழைநீர் கிடைக்கும்போது அதை ஊற்றுவதும், தொட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் என்றால் மெக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். முதிர்ந்த இலை முழுவதுமே சீராக வெளிறினால் தழைச்சத்து. எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பு என்று கேட்டதை நம்பிச் செய்வதால் இரும்புக் குறை தீராது.

வீட்டுக்குள் இருந்த செடியை மொட்டைமாடிக்கு மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் உச்சிவெயிலில் வைக்க வேண்டாம். நிழலில் உருவான இலை மெலிதாக, குறைந்த ஒளியை வைத்துப் பிழைக்கும்படி தன் நைட்ரஜனைப் பங்கிட்டுக் கட்டப்பட்டது. திடீர் வெயிலில் அது ஹோகன்ஹைம் பீன்ஸ் இலையைப் போலவே வெளுத்துவிடும். முதல் வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த வாரம் நண்பகல் வரை என்று கூட்டிக்கொண்டு போகலாம். பழைய இலைகள் சில உதிரும். வெயிலில் பிறக்கும் புதிய இலைகள் தடிமனாக வரும். அவற்றில் ரூபிஸ்கோவும் அதிகமாக இருக்கும், அதற்குத் தழைச்சத்து தேவைப்படும். உரம் தொடங்க வேண்டிய நேரம் அதுதான். முதலில் பாதி அளவு, இரண்டு வாரம் கழித்து இலையின் நிறத்தைப் பார்த்துவிட்டு மீதி.